மூளை கொடுத்த சம்மதம்

வெள்ளகோவில்
19.1.2025

அன்புத் தங்கை சாந்தாமணிக்கு அண்ணன் திருமலைசாமி எழுதுவது. நானும் உன் அண்ணி நாச்சியம்மாளும் மகள் லோகப்பிரியாவும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இந்தக் காலத்தில் கடுதாசியா என்று சிரிப்பாய். என் போனை இயக்குவதே பிரியாதான். உன் செய்தி வந்தாலும் அவள்தான் எனக்குப் படித்துக் காட்டுவாள். இது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம். பதிலை வீட்டுக்குப் போடாதே, தேங்காய்க் களத்து விலாசத்துக்குப் போடு. கொப்பரைக்குக் காட்டும் கந்தகப் புகை அவளுக்கு ஆகாது, அந்தப் பக்கம் வரமாட்டாள்.

போன ஞாயிறு பேப்பரில் உங்கள் ஆராய்ச்சி மையத்தைப் பற்றிப் போட்டிருந்தார்கள். மெஷின் பக்கத்தில் நீ நிற்கும் படத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆளை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க வைத்துப் படம் காட்டினால், எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று மூளையிலேயே தெரிந்துவிடுமாமே!

பிரியாவுக்கு இதுவரை ஏழு ஜாதகம் வந்துவிட்டது. ஏழுக்கும் “வேண்டாங்கப்பா” என்ற ஒரே பதில். ஏன் என்றால், கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறதாம், இரண்டு வருடம் வேலை பார்க்க வேண்டுமாம். இது ஒரு காரணமா? மனதில் எவனோ இருக்கிறான். கோயிலில் வெள்ளையும் சிவப்பும் பொட்டலம் கட்டி, எவனும் இல்லையென்றால் வெள்ளை வரட்டும் என்று மூன்று தடவை பூ கேட்டோம். மூன்று தடவையும் சிவப்பு. சாமியும் கைவிட்டுவிட்டது.

இத்துடன் எட்டுப் படங்கள் வைத்திருக்கிறேன். ஐந்து மாப்பிள்ளைப் பையன்கள். மூன்று பேர் அவளோடு காலேஜில் படித்தவர்கள், டூர் போன படத்திலிருந்து கத்தரித்தேன். ஒருத்தன் தோளில் ஒரு பெண்ணின் கை தெரியும். அது நம் பிரியாவின் கையா என்று நானும் உன் அண்ணியும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. நீ அவளை மெஷினில் போட்டு, இந்த எட்டையும் காட்டி, எவன் என்று மட்டும் சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்
திருமலைசாமி


கோயம்புத்தூர்
25.1.2025

அண்ணனுக்கு சாந்தாமணி வணக்கம். முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வயிறும் சேர்ந்துகொண்டது.

பெற்ற பெண்ணின் கையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தீர்களா? சீ! அதை எழுதவும் செய்திருக்கிறீர்கள். படங்களைத் தொடவே பிடிக்காமல் உறையோடு திருப்பி அனுப்புகிறேன்.

பேப்பர்காரன் எழுதியதை நம்பாதீர்கள். எங்கள் ஆராய்ச்சி அருவருப்பைப் பற்றியது. அழுகிய மாம்பழம், சோற்றில் கிடக்கும் முடி, கரப்பான்பூச்சி, அடைத்துக்கொண்ட சாக்கடை, இதையெல்லாம் காட்டுகிறோம். நடுநடுவே சும்மா ஒரு நாற்காலி, ஒரு குடை. அப்போது மூளையில் எந்த இடத்துக்கு ரத்தம் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது என்று மெஷின் அளக்கிறது. அவ்வளவுதான். அதுவும் நாற்பது பேரின் படத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் மங்கலாக ஏதோ தெரியும். காதுப் பக்கம் உள்மடிப்பில் ஒரு பகுதி இருக்கிறது. அருவருப்புப் பட்டால் அது வேலை செய்யும். வலித்தாலும் செய்யும், பயந்தாலும் செய்யும், வயிறு கலங்கினாலும் செய்யும். ஒரு பெண்ணைப் படுக்க வைத்து, அவள் மனதில் இன்னார் இருக்கிறான் என்று சொல்ல உலகத்தில் எந்த மெஷினாலும் முடியாது.

அவள் வேண்டாம் என்று வாயால் சொல்கிறாள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னேன். போகப்போகச் சரியாகிவிடும் என்று கரூருக்குக் கட்டிக் கொடுத்தீர்கள். அதை விடுங்கள்.

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். அண்ணிக்கு என் அன்பு.

சாந்தாமணி


வெள்ளகோவில்
3.2.2025

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நலம். உன் உடம்புக்கு என்ன சொல்கிறார்கள்?

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நான் என்ன கெட்ட மனுசனா? நம் சாதிசனத்தில் பெண்ணை எப்படி விசாரிப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? உன் அண்ணியின் அண்ணன் அங்கப்பன் மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? “போனைப் புடுங்கிப்போட்டு, நாலு நாள் ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டுங்க மாப்ள, அஞ்சாம் நாள் பேரு தன்னால வரும்.” நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். என் மகள் மேல் இன்றுவரை கைபட்டதில்லை. அடிக்காமல், மிரட்டாமல், விஞ்ஞான முறையில் தெரிந்துகொள்ளலாம் என்றுதானே உன்னிடம் வந்தேன்? அதற்கு எனக்கு ‘சீ’யா?

நீ படித்தவள், சட்டம் பேசுவாய். ஈரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் இந்த மாதிரிப் பரிசோதனை செய்து கொடுக்கிறார்களாம். மச்சானுக்குத் தெரிந்தவர் ஒருவர் தன் மகளைக் கூட்டிப் போய் வந்தார். உன்னால் முடியாதென்றால் அங்கே போகிறேன். அங்கே யார் யாரோ ஆம்பளைகள் இருப்பார்கள். அத்தைக்காரி நீ இருக்க, அவளை அங்கே படுக்க வைக்க எனக்கு மனசில்லை. யோசித்து எழுது.

திருமலைசாமி


கோயம்புத்தூர்
20.2.2025

அண்ணனுக்கு வணக்கம். பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் ஒரு நிலையில் இல்லை.

ஈரோட்டுக்குப் போக வேண்டாம். மார்ச் எட்டாம் தேதி சனிக்கிழமை காலை பிரியாவைக் கூட்டி வாருங்கள். எங்கள் ஆராய்ச்சிக்குத் தன்னார்வலர்கள் தேவை, அத்தைக்கு உதவியாக ஒரு மணி நேரம் படுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மற்றதைச் சொல்ல வேண்டாம். தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, துணியில் குத்தும் ஊக்கு எதுவும் இருக்கக்கூடாது. சாப்பிட்டுவிட்டே வரலாம்.

படங்களை என் கையில் மட்டும் கொடுங்கள். அண்ணியையும் அங்கப்பன் மாமாவையும் கூட்டி வராதீர்கள்.

சாந்தாமணி


வெள்ளகோவில்
10.3.2025

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நலமாக ஊர் வந்து சேர்ந்தோம். காங்கேயம் தாண்டியதும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

உன்னைப் பற்றி முன்னால் தவறாக நினைத்துவிட்டேன், மனதில் வைக்காதே. நீ அவளுக்குக் காதில் பஞ்சு வைத்து, தலைக்கு மேல் அந்தக் கூண்டை மாட்டி, பயந்தால் அமுக்கு என்று கையில் ரப்பர் பந்தைக் கொடுத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது டமடமவென்று சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும், இப்போது இந்தப் பையன் படம், இப்போது அந்தப் பையன் படம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூக்குத்தி கழலாமல் சோப்புப் போட்டு இழுத்ததில் அவளுக்கு மூக்கு வீங்கிவிட்டது. அதைத் தவிர ஒன்றுமில்லை. பஸ்ஸில் எப்படி இருந்தது என்று கேட்டேன். “சீன்னு இருந்துச்சுங்கப்பா” என்றாள். ஏன் கண்ணு என்றால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். யாரைப் பார்த்து ‘சீ’ என்றாள் என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ரிப்போர்ட்டைச் சீக்கிரம் அனுப்பு. வெறும் வாய்ப்பேச்சாக வேண்டாம், மையத்தின் பேர் போட்ட தாளில், சீல் வைத்து, தமிழில் அனுப்பு. வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும்.

திருமலைசாமி


கோயம்புத்தூர்
17.3.2025

அண்ணனுக்கு வணக்கம். நலம். நீங்கள் கேட்டபடி தாள் இணைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பதை இங்கேயும் எழுதுகிறேன்:

“செல்வி தி. லோகப்பிரியாவின் மூளை பரிசோதிக்கப்பட்டது. எந்த ஆணின் படத்துக்கும் அவர் மூளையில் தனியான மாற்றம் எதுவும் காணப்படவில்லை. அவர் மனதில் யாரும் இல்லை.”

கையெழுத்தும் சீலும் என்னுடையவை. எட்டுப் படங்களையும் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி அவளைச் சந்தேகப்படாமல், கோபிக்கு வேலைக்கு அனுப்புங்கள். இந்த ஒரு உதவிதான் உங்களிடம் கேட்கிறேன்.

சாந்தாமணி


வெள்ளகோவில்
16.4.2025

அன்பே உருவான தங்கைக்கு அண்ணனின் சித்திரைப் பிறப்பு ஆசீர்வாதம். எல்லோரும் பரம சுகம். நீ என்றும் நன்றாக இருக்க வேண்டும்.

எப்படிப்பட்ட பாரத்தை இறக்கி வைத்தாய்! ரிப்போர்ட்டை லேமினேஷன் செய்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஜாதகத்தோடு சேர்த்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். புது வருசத்தன்று சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு, கூடத்தில் எல்லோர் முன்னாலும் நானே படித்தேன். அங்கப்பன் மச்சானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “மாப்ள, மூளையே சொல்லிப்போட்டுது, இனி என்ன பேச்சு” என்று எழுந்தார். மனதில் யாரும் இல்லை என்றால் மறுக்க என்ன இருக்கிறது? மச்சான் மகன் அருண்குமாருக்கே பேசி முடித்துவிட்டோம். தாய்மாமன் மகன், முறைப் பையன். ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் உறுதி வார்த்தை. ஆவணியில் கல்யாணம்.

பிரியா எழுந்து ஏதோ சொன்னாள். சின்னப் பெண், கூச்சம். கோபி வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போதைக்குப் போனும் என்னிடம்தான் இருக்கிறது.

இன்னொரு சந்தோசம் கேள். அன்று வந்திருந்தவர்களில் நான்கு பேர் தங்கள் பெண்களுக்கும் இந்த மாதிரி ரிப்போர்ட் வேண்டும் என்கிறார்கள். முத்தூரில் இருந்து ஒருவர் மருமகளுக்கே கேட்கிறார். பேர், வயசு எழுதி வைத்திருக்கிறேன். உனக்கு எந்தச் சனிக்கிழமை சௌகரியம்?

திருமலைசாமி


கோயம்புத்தூர்
19.4.2025

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை.

நிறுத்துங்கள். அந்தத் தாள் பொய். நான் பிரியாவுக்கு உங்கள் படங்களில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எல்லோருக்கும் காட்டும் மாம்பழத்தையும் கரப்பான்பூச்சியையும் சாக்கடையையும்தான் காட்டினேன். அதற்குத்தான் அவள் ‘சீ’ என்றாள். நீங்கள் ஈரோட்டுக்குக் கூட்டிப் போய்விடுவீர்கள் என்ற பயத்தில் செய்தேன். மனதில் யாரும் இல்லை என்று எழுதினால் அவளை விட்டுவிடுவீர்கள் என்று நம்பினேன். உங்களை எனக்கு நாற்பத்தாறு வருடமாகத் தெரியும், ஆனாலும் அப்படி நம்பினேன் பாருங்கள். என்னைவிட மடச்சி யாரும் இருக்க முடியாது.

யாரும் இல்லை என்றால் சம்மதம் என்று எங்கே எழுதியிருக்கிறது? அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு பெண்ணின் மூளையில் என்ன இருக்கிறது என்று காபி குடித்துக்கொண்டே கேட்டீர்களே, ஒருவருக்குமா குமட்டவில்லை? மருமகளுக்கு ரிப்போர்ட் கேட்கிறானே ஒருவன், அவனை வாசலோடு துரத்தாமல் பேர் எழுதிக்கொண்டீர்களா?

உங்கள் மேல் மட்டும் இல்லை, என் மேலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. எதற்கு என்று சொல்லாமல் அவளைக் குழாய்க்குள் படுக்க வைத்தவள் நான். சீலைக் குத்தியதும் நான். வெளியே தெரிந்தால் என் வேலை போகும். அது போகட்டும். நீங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, ரிப்போர்ட் தப்பு என்று சொல்லுங்கள்.

உடனே பதில் எழுதுங்கள்.

சாந்தாமணி


வெள்ளகோவில்
12.5.2025

தங்கைக்கு,

நலம். நீ போன மாதம் எழுதியதும், அதன் பிறகு எழுதிய இரண்டும் வந்தன. மூன்றையும் களத்தில் கொப்பரைக்குப் புகை போடும்போது அடுப்பில் போட்டுவிட்டேன். மச்சான் வீட்டில் ரிப்போர்ட்டின் நகல் வாங்கிப் போய்விட்டார்கள். சீல் வைத்துக் கொடுத்ததை இல்லை என்றால் நான் ஊரில் தலைகாட்ட முடியுமா? நீ கரூரை விட்டு வந்த நாளிலிருந்து உனக்குக் கல்யாணம் என்றாலே ஆகாது. நடந்தது நடந்துவிட்டது.

ஜூன் ஒன்றாம் தேதி வந்து, அத்தை முறையைச் செய்துவிட்டுப் போ. வேறு எதுவும் பேச வேண்டாம்.

திருமலைசாமி


வெள்ளகோவில்
15.5.2025

அன்புள்ள அத்தைக்கு,

பிரியா எழுதுகிறேன். நலமா என்று கேட்பதுதான் முறை. நான் நலமாக இல்லை, அதனால் கேட்கவும் தோன்றவில்லை. இதை அம்மாதான் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்த் தபாலில் போடுவார். அம்மா அப்பாவை எதிர்த்துச் செய்யும் முதல் காரியம் இது.

சித்திரை ஒன்றாம் தேதி அப்பா அந்தத் தாளைப் படித்ததும் நான் எழுந்து சொன்னேன். “எனக்கு எந்தப் பையன் படத்தையும் காட்டலைங்க. அழுகின மாம்பழமும் கரப்பான்பூச்சியுந்தான் காட்டுனாங்க. அருண்குமார் மாமாவைக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்லைங்க.” அதற்கு அங்கப்பன் மாமா என்ன சொன்னார் தெரியுமா அத்தை? “மூளைக்குள்ள நடக்கறது உனக்கெப்புடி அம்மணி தெரியும்? அது மெசினுக்குத்தானே தெரியும்!” எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார். என் வாயால் நான் சொல்வதை என் மூளை மறுக்கிறதாம். அன்றிலிருந்து நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன். பேசினால் யார் நம்பப் போகிறார்கள்?

உங்கள் மேலும் எனக்கு ஆத்திரம்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ‘உங்கப்பா இப்படிக் கேட்கிறார், என்ன செய்யலாம்’ என்று கேட்டிருந்தால், நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது யோசித்திருப்போம். நீங்களும் என்னைக் கேட்காமலேதான் முடிவு செய்தீர்கள். ஒரு வேடிக்கை என்னவென்றால், நீங்கள் பொய்யாக எழுதியது நிஜம். என் மனதில் யாரும் இல்லை. எனக்குப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், என் சம்பளத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதைத் தை மாதத்திலிருந்து சொல்கிறேன்.

கோபி பள்ளிக்கூடத்தில் ஜூன் இரண்டாம் தேதி வரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்று அப்பா எழுதச் சொன்ன கடிதத்தை நான் அனுப்பவில்லை.

ஜூன் ஒன்றாம் தேதி நீங்கள் வந்து, எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். உங்கள் வேலை போய்விடும் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். நீங்கள் வராவிட்டால் ஆவணியில் என் கழுத்தில் தாலி.

லோகப்பிரியா


வெள்ளகோவில்
4.6.2025

சாந்தாமணிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். நாங்கள்தான் தெருவில் நிற்கிறோம்.

வெற்றிலை பாக்கு மாற்றத் தட்டைக் கையில் எடுத்த நேரத்தில் நடுக்கூடத்தில் வந்து நின்றாய். நான்தான் பொய் ரிப்போர்ட் கொடுத்தேன், என் மேலதிகாரியிடம் நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாய். கூடவே அந்தக் கடிதத்தின் நகலையும் எல்லோர் கையிலும் கொடுத்தாய். கூடப் பிறந்தவளுக்கு எப்படி மனசு வந்தது? மச்சானுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. “இவ சொல்றது நெசமா பொய்யான்னு இவளையும் ஒருக்கா மெசின்ல போட்டுப் பாருங்க!” என்று கத்தினார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அது நல்ல யோசனை என்றே பட்டது.

மச்சான் வீட்டார் என்ன கேட்டார்கள்? முதல் ரிப்போர்ட் பொய் என்றால் ஈரோட்டில் இரண்டாவது எடுத்துக் காட்டுங்கள் என்றார்கள். நியாயம்தானே? நான் சரி என்றேன். அதற்குப் பிரியா எல்லோர் முன்னாலும், “என் தலையை இனி யாருக்கும் காட்ட மாட்டேனுங்க” என்று சொல்லிவிட்டு, கட்டின பட்டோடு உன் கூடப் பஸ் ஏறிவிட்டாள். அதோடு மச்சான் வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உன் அண்ணி அடுப்படியில் போய்ப் பாயசத்தைத் தன் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஊரெல்லாம் ஒரே பேச்சு. பொய் ரிப்போர்ட் வாங்குகிற அளவுக்கு எவன் அவன்? எனக்கும் அதே கேள்விதான். உன்னிடம் அவள் சொல்லியிருப்பாள். பேரை மட்டும் எழுது. நான் ஒன்றும் செய்ய மாட்டேன். தெரிந்தால் போதும்.

திருமலைசாமி


கோபிச்செட்டிபாளையம்
20.7.2025

அப்பாவுக்கு,

லோகப்பிரியா எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இத்தனை நாளும் உங்களுக்கு வந்த செய்திகளை உங்களுக்குப் படித்துக் காட்டியவள் நான். இதை நீங்களே படியுங்கள்.

அத்தையை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கோவையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போகிறார். அவர் செய்தது தப்பு, அதை ஒத்துக்கொண்டார். எனக்கும் அவருக்கும் இருந்த சண்டையை நேருக்கு நேர் பேசித் தீர்த்துவிட்டோம்.

போன புதன்கிழமை நீங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தேன். “யாரு கண்ணு அந்தப் பையன், அப்பன்கிட்டச் சொல்லு” என்று கேட்டீர்கள். யாரும் இல்லைங்கப்பா என்றேன். “செரி கண்ணு” என்று என் தலையைத் தடவினீர்கள். நம்பிவிட்டீர்கள் என்று நினைத்தேன். வகுப்புக்குத் திரும்பிப் போய்க் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. தலைமையாசிரியையிடம் போய், இங்கே கல்யாணமாகாத ஆண் வாத்தியார்கள் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். பள்ளி வேன் டிரைவரை ஓரமாகக் கூப்பிட்டு, டீச்சர் யாரோடு பேசுவார் என்று கேட்டீர்கள். பிறகு என் ஹாஸ்டலுக்குப் போனீர்கள். பெற்ற அப்பா என்றதும் வார்டன் அம்மா என் அறையைத் திறந்துவிட்டார். பெட்டியைக் கிளறினீர்கள், தலையணை உறையைக் கழற்றி உதறினீர்கள். குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்து, கசக்கிப் போட்ட காகிதங்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தீர்களாம். செய்தித்தாளில் சுருட்டிப் போட்டிருந்ததைக்கூடப் பிரித்தீர்களாம். வார்டன் அம்மா “ஐயோ, வேண்டாமுங்க, அது பொம்பளைங்க சமாச்சாரம்” என்று தடுத்தும் நீங்கள் கேட்கவில்லையாம். பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டீர்களாம்.

அதை அவர் என்னிடம் சொல்லும்போது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிப் போய் வாந்தி எடுத்தேன். நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. உங்கள் கை என் தலையைத் தடவியது நினைவுக்கு வரும்போதெல்லாம் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன்.

என் மனதில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நீங்கள் சாமியைக் கேட்டீர்கள், மெஷினைக் கேட்டீர்கள், குப்பைக் கூடையையும் கேட்டுவிட்டீர்கள். இப்போது நானே சொல்கிறேன். எந்தப் பையனும் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என் மனதில் இருக்கும் ஆம்பளை நீங்கள் ஒருவர்தான். உங்களை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இதையாவது நம்புங்கள், அப்பா.

லோகப்பிரியா